ஒரு ராத்திரிக்கு என்ன காரணம்

காப்பீட்டு நிறுவனம் கேட்டிருந்தது ஒரே ஒரு கேள்விதான். உங்கள் குழந்தைக்கு நடக்கவிருப்பது நாள் குறித்துச் செய்யும் அறுவை சிகிச்சை. காலையில் செய்து மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். வீடும் மருத்துவமனைக்கு அருகிலேயே இருக்கிறது. அப்படியிருக்க, உள்நோயாளியாக ஓர் இரவு தங்க வைக்க மருத்துவத் தேவை என்ன? என் கணவர் அதைக் கைபேசியில் எனக்கு அனுப்பிவிட்டுக் கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: "நீயே பதில் எழுதிடு. உனக்குத்தான் இதெல்லாம் வரும்."

பள்ளியில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து எட்டாம் வகுப்பு அறிவியல் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். கேள்வியைப் படி, கேட்டதற்கு மட்டும் பதில் எழுது என்று பிள்ளைகளிடம் தினமும் சொல்கிறவள் நான். அந்தக் கேள்வியை நாலு தடவை படித்தும் எனக்குப் பதில் தெரியவில்லை.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. மாதத்துக்கு ஒரு காய்ச்சல், ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஆரஞ்சு வாசனை அடிக்கும் ஒரு பாட்டில் மருந்து. வாய் எப்போதும் திறந்தேயிருக்கும். ஒரு இட்லியை முக்கால் மணி நேரம் தின்பாள். வகுப்பில் தூங்கி வழிகிறாள் என்று அவளுடைய டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னபோது, நானும் ஒரு டீச்சர் என்பதாலேயே கூசிப்போனேன். கடலூரில் தொண்டை மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"டான்சில் ரெண்டும் ஒண்ணையொண்ணு முட்டிக்கிட்டு நிக்குது. மூக்குக்குப் பின்னாடியும் சதை வளர்ந்திருக்கு. எடுத்துடறது நல்லது. அவசரமில்ல, முழுப் பரீட்சை லீவுல வச்சுக்கலாம்."

அவசரமில்லை என்ற சொல்தான் என்னைப் படுத்தியது. அவசரம் என்றால் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். நாமே நாள் பார்த்துக் குழந்தையைக் கொண்டுபோய் மயக்கம் கொடுக்கச் சொல்வதென்றால், செய்யலாமா வேண்டாமா என்று யோசிக்க ஒவ்வொரு நாளும் இருக்கிறதே. இரண்டு மாதம் யோசித்தேன். கடைசியில் ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை என்று முடிவானது. சாதாரணமாக அன்று சாயங்காலமே அனுப்பிவிடுவார்களாம். "நீங்க சிதம்பரத்துலேருந்து வர்றதால ஒரு ராத்திரி இருந்துட்டுப் போங்க. ரத்தம் கசிஞ்சா ஒண்ணேகால் மணி நேரம் பஸ்ல உக்காந்து வர முடியாது பாருங்க" என்றார் மருத்துவர்.

அதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை நான் அப்போது ஆராயவில்லை.

மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் இரண்டு படிவங்கள் கொடுத்தார்கள். கணவரின் கம்பெனி மூலமாக எங்கள் மூவருக்கும் காப்பீடு உண்டு. முதல் படிவத்தில் முகவரி. ஒருமுறை வங்கியில் ஆதாரில் இருப்பதற்கும் நான் எழுதியதற்கும் ஒரு கதவிலக்கம் மாறி, படிவம் திரும்பி வந்தது. அன்றிலிருந்து நான் எதையும் ஆதாரைப் பார்த்தே எழுதுவேன். எங்கள் ஆதாரில் இருப்பது கடலூர் செம்மண்டலம், கணவரின் அண்ணன் வீடு. சிதம்பரத்துக்கு வாடகைக்கு வந்து மூன்று வருடமாகியும் யாரும் முகவரி மாற்றவில்லை. வாடகை வீட்டு முகவரியைப் போய் ஆதாரில் ஏற்றுவார்களா என்பது எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் உள்ள எண்ணம். அச்சுப் பிசகாமல் செம்மண்டலத்தை எழுதினேன். அங்கிருந்து மருத்துவமனைக்கு ஆட்டோவில் பத்து நிமிடம்.

இரண்டாவது படிவத்தில் குழந்தையைப் பற்றிய கேள்விகள். ஒவ்வாமை உண்டா, இல்லை. குடும்பத்தில் ரத்தம் உறையாத நோய் உண்டா, இல்லை. குறட்டை உண்டா, ஆம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா? இதற்குக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன். யோசித்துத்தான் 'இல்லை' என்று டிக் போட்டேன்.

இதெல்லாம் கொடுத்து ஒரு வாரத்தில் அந்தக் கேள்வி வந்தது.

அன்று சாயங்காலம் கணவர் வீட்டுக்கு வந்ததும் கேட்டார்.

"என்ன எழுதின?"

"இன்னும் எழுதல. நம்ம வீடு சிதம்பரத்துல இருக்குன்னு சொல்லணும்."

"அதுக்கு ஏன் இவ்ளோ யோசன? பேசாம அண்ணன் வீட்டுலயே அன்னிக்கு ராத்திரி தங்கிடலாம். இன்சூரன்ஸ்காரன் சொல்றதும் சரியாப் போவும்."

"அது நம்ம வீடு இல்லியேங்க."

"ஆதார்ல அதானே இருக்குது?" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை.

திருமணமாகி நான்கு வருடம் அந்தச் செம்மண்டலம் வீட்டில்தான் இருந்தோம். கணவரின் அண்ணன், அவர் மனைவியான என் ஓரகத்தி, நாங்கள். ஓரகத்தியை நான் அக்கா என்பேன். வேகமானவர், வாயும் வேகம். எனக்குத் தட்டத் தெரியாத வடையை என் கையிலிருந்து வாங்கித் தட்டிவிட்டு, "எம்மெஸ்ஸில வட தட்டச் சொல்லித் தரமாட்டாங்களா?" என்பார். அதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. மகளுக்கு இரண்டு வயது ஆனபோது குறட்டை ஆரம்பித்தது. ஒரு நாள் காலை, சேத்தியாத்தோப்பிலிருந்து வந்திருந்த சொந்தக்காரர்கள் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா கரண்டியும் கையுமாக நின்று சொன்னார்:

"உம்பொண்ணு ராத்திரியெல்லாம் ரைஸ்மில்லு ஓட்டறாம்மா. ஒங்க காட்டுமன்னார்கோயில்லேருந்து சீதனமா கொண்டாந்தியா?"

எல்லோரும் சிரித்தார்கள். கணவரும் சிரித்தார். என் அப்பா காட்டுமன்னார்கோயிலில் ஒரு ரைஸ்மில்லில் கணக்குப் பார்த்தவர். நானும் சிரித்துவிட்டு உள்ளே போனேன். மூன்று மாதத்தில் சிதம்பரத்துப் பள்ளியில் வேலைக்கு மனுப் போட்டேன். நல்ல பள்ளி, அம்மா வீட்டுக்கு டவுன் பஸ் இருக்கிறது என்று காரணம் சொன்னேன். அதுவும் உண்மைதான். சிதம்பரத்தில் மகள் குறட்டை விடும்போது மின்விசிறியைக் கூட்டி வைப்பேன், மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மாவுக்குக் கேட்கக் கூடாது என்று. குறட்டை நிற்கும்போது அப்பாடா என்றிருக்கும். கண்ணை மூடிக்கொள்வேன்.

ஆகவே தொண்டையை அறுத்த குழந்தையுடன் முதல் இரவு அந்த வீட்டில் இருக்க நான் விரும்பவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை. கடிதம் எழுதினேன். நாங்கள் உண்மையில் வசிப்பது சிதம்பரம் என்பதற்கு ஆதாரம் தேடினேன். மின்கட்டண ரசீது வீட்டுக்காரர் பெயரில் இருந்தது. வாடகை ஒப்பந்தம் கேட்டதற்கு, "நமக்குள்ள எதுக்கும்மா அக்ரிமென்டெல்லாம்?" என்று வீட்டுக்காரம்மா வருத்தப்பட்டார். மிச்சமிருந்தது மகளின் பள்ளி அடையாள அட்டை. அதைப் படமெடுத்து இணைத்து, மூன்று முறை அடித்துத் திருத்தி, ஒன்றரைப் பக்கம் எழுதி முடித்தேன். கணவர் படித்துவிட்டு, "இதுக்கு மார்க் எவ்ளோ?" என்று கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "வேணும்னா நம்ம காசுலயே ஒரு நாள் தங்கிக்கலாம்மா. ஆனா அண்ணி என்ன நினைப்பாங்க, பத்து நிமிஷத்துல வீட்ட வச்சிக்கிட்டு?" என்றார்.

சனிக்கிழமை மருத்துவரிடம் கடிதத்தைக் காட்டி அவரும் இரண்டு வரி எழுதித் தருவாரா என்று கேட்பதாக முடிவு செய்து, மூவரும் பஸ் ஏறினோம்.

மருத்துவமனை வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தார். ஒயர் கூடை, அதில் வெந்நீர் பிளாஸ்க். கணவர்தான் சொல்லியிருக்க வேண்டும். மகள் "பெரீம்மா" என்று என் கையை உதறிக்கொண்டு ஓடினாள்.

"என்னடி தங்கம், எலும்பாத் தெரியுற? ஒங்கம்மா ஒனக்குப் பாடத்த மட்டும்தான் ஊட்டுறாளா?" என்று அவளைத் தூக்கிக்கொண்டார். நாலு பேருமாக உள்ளே போனோம்.

மருத்துவர் என் கடிதத்தை முழுசாகப் படித்தார்.

"எல்லாம் சரிதாம்மா. செம்மண்டலத்துல இப்ப யாரு இருக்கா?"

"நாந்தான் டாக்டர் இருக்கேன்" என்றார் அக்கா.

"அப்போ அன்னிக்கு அங்கயே தங்கலாமே? நான் தூரத்துக்காகத்தான் சொன்னேன். இவுங்க கேக்கறது மருத்துவக் காரணம். இருந்தா எழுதறேன், இல்லாதத எழுத மாட்டேன்." என்னைப் பார்த்தார். "பயமா இருக்குதா?"

"ஆமா டாக்டர்."

"இருக்கும். ஆனா பயத்துக்கு அவுங்க பாரத்துல கட்டம் கெடையாது."

பயம் மட்டும்தான் என்று அவர் நினைத்துக்கொண்டது எனக்கு வசதியாக இருந்தது. அக்கா என் முகத்தையே பார்ப்பது தெரிந்தது. நான் கடிதத்தை மடித்தேன். அப்போதுதான் அக்கா கேட்டார்:

"ராத்திரி மூச்சு நிக்கறதச் சொன்னியா?"

"என்ன மூச்சுக்கா?"

"இவளுக்கு நிக்குமே. இப்ப நிக்கறதில்லியா?"

மருத்துவர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். "எப்பிடி நிக்கும், சொல்லுங்க."

"கொர்ரு கொர்ருன்னு ஓடிக்கிட்டே இருப்பா டாக்டர். ஓடுற வரைக்கும் நானும் நல்லாத் தூங்குவேன். டக்குனு நின்னுடும். எனக்கு முழிப்பு வந்துடும். செவுத்துக்கு அந்தாண்ட படுத்துக்கிட்டு ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுவேன். பத்தத் தாண்டினா எழுந்து போயிடுவேன். தம்பிக்கு அப்ப நைட் ஷிப்ட்டு ஜாஸ்தி, விடியக்காலம் வருவாருன்னு கதவு சும்மாத்தான் சாத்தியிருக்கும். போயி ஒருக்களிச்சுப் படுக்க வச்சா, தண்ணிக்குள்ளேருந்து வந்த மாதிரி இழுத்து ஒரு மூச்சு வுடுவா. அப்புறம் ஓடும். இவ அசந்து தூங்கிக்கிட்டு இருப்பா. பகலெல்லாம் புள்ளயோட மல்லுக்கட்டினவ, எழுப்பல."

"ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொன்னனே! ரைஸ்மில்லுன்னு. அந்த சேத்தியாத்தோப்புக்காரங்க வந்தாங்களே, அன்னிக்கு. நின்னு நின்னு ஓடுது, மோட்டாரக் கொண்டுபோயி காட்டுங்கன்னு சொன்னேன். நீ மூஞ்சத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்ட."

அவர் அன்று அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னாரா? இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. கணவரைக் கேட்டால், "ஏதோ மோட்டார்னு சொன்ன மாதிரிதான் இருக்குது" என்கிறார். சொல்லியிருப்பார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். சீதனம் என்ற இடத்திலேயே என் காது அடைத்துப்போயிருக்கும்.

மருத்துவர் கோப்பைப் புரட்டி நான் நிரப்பிய தாளை எடுத்தார். "நீங்க இல்லன்னு போட்டிருக்கீங்களே?"

"குறட்டை நின்னா நல்லாத் தூங்கறான்னு நெனச்சேன் டாக்டர்."

நுரையீரலின் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்லிப் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். என் பக்கத்தில் ஒரு குழந்தை மூச்சு விடாமல் கிடந்த நேரங்களில்தான் நிம்மதியாகக் கண்ணை மூடியிருக்கிறேன்.

"நெறைய பேரு அப்பிடித்தான் நெனைக்கிறாங்க" என்றார் மருத்துவர், திட்டாமல். "இது இருந்துச்சுன்னா விஷயம் வேற. ஆபரேஷன் முடிஞ்ச அன்னிக்கு ராத்திரியும் மூச்சு தடைபடலாம். ஆஸ்பத்திரியில வச்சுப் பாக்கணும், வீடு பத்தடியில இருந்தாலும். ஆனா நேத்து வரைக்கும் இல்ல, இன்னிக்கு இருக்குதுன்னா, எப்பிடின்னு அவுங்க கேப்பாங்க. கேக்கவும் வேணும். அளந்துட்டே எழுதலாம்."

ஒரு சின்னக் கருவியைக் கொடுத்தார். குழந்தையின் விரலில் மாட்டிவிட்டால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று இரவு முழுக்கப் பதிவு செய்யும். காலை எட்டு மணிக்குத் திருப்பித் தர வேண்டும். "ஒருக்களிச்சுப் படுக்க வைக்காதீங்க. எப்பவும் போலத் தூங்கட்டும். ரொம்ப நேரம் போச்சுன்னா மட்டும் எழுப்புங்க."

"சிதம்பரம் போயிட்டு எட்டு மணிக்குள்ள எங்க வர்றது?" என்றார் அக்கா. என்னிடம் கேட்கவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

செம்மண்டலம் வீட்டில் எங்கள் பழைய அறை அப்படியே இருந்தது. மகள் விரல் நுனியில் எரியும் சிவப்பு வெளிச்சத்தை ரசித்துக்கொண்டே தூங்கிப்போனாள். நான் தலைமாட்டில், அக்கா கால்மாட்டில். சத்தம் ஆரம்பித்தது. மின்விசிறியைக் கூட்டி வைக்க என் கை தானாக எழுந்து, பிறகு இறங்கியது. கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து, ஒரு விரலால் தட்டித் தட்டி எண்ணினார். நான் குனிந்து பார்த்தேன். நெஞ்சுக்குழி உள்ளே இழுத்து இழுத்துத் துடித்தது. மூக்கிலும் வாயிலும் காற்று இல்லை. ஏழு, எட்டு, ஒன்பது. ஒருக்களித்துவிட அக்காவின் இன்னொரு கை நீண்டு, மருத்துவர் சொன்னது நினைவுக்கு வந்து, புடவைத் தலைப்பைப் பிசைந்தது. பதினொன்று. தண்ணீருக்குள்ளிருந்து வந்த மாதிரி இழுத்து ஒரு மூச்சு விட்டாள் என் மகள்.

"இதான்" என்றார் அக்கா மெதுவாக.

காலையில் மருத்துவர் கணினியில் காட்டிய கோட்டில் அங்கங்கே பள்ளங்கள் இருந்தன. அவர் மூன்றே வரிகள் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் என் ஒன்றரைப் பக்கக் கடிதத்தைக் கிழித்துவிட்டு, படிவத்தில் 'இல்லை' என்பதை அடித்து 'ஆம்' என்று எழுதி, பக்கத்தில் 'முன்பு தவறாகக் குறித்துவிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

திங்கட்கிழமை காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பெண் குரல், நிதானமான பேச்சு.

"முதல்ல இல்லன்னு போட்டிருக்கீங்க மேடம். எங்க கேள்வி வந்த பிறகு மாத்தியிருக்கீங்க. ஏன்?"

மழுப்பப் பல வழிகள் இருந்தன. "சத்தம் நின்னா சந்தோஷப்பட்டேன் மேடம். அது மூச்சு நிக்கறதுன்னு எனக்குத் தெரியல. என் ஓரகத்திதான் சொன்னாங்க" என்றேன்.

அந்தப் பக்கம் எதையோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. "வீடு எங்க இருக்கு, கடலூரா சிதம்பரமா?"

"இருக்கறது சிதம்பரம். செம்மண்டலத்துலயும் வீடு இருக்கு."

மறுநாள் ஒப்புதல் வந்தது. ஓர் இரவு, உள்நோயாளியாக, கண்காணிப்புக்காக. நான் கேட்டது கிடைத்துவிட்டது. நான் சொன்ன காரணத்துக்காக அல்ல. சொல்லாமல் வைத்திருந்த காரணத்துக்காகவும் அல்ல.

அடுத்த செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை நடந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றி எழுத எனக்கு வராது. வெளியே வந்ததும் மகள் அழுதாள், வாந்தி எடுத்தாள், பிறகு வெனிலா ஐஸ்க்ரீமைச் சுட்டிக்காட்டி இரண்டு விரலைக் காட்டினாள். இரவு ஒருவர்தான் கூட இருக்கலாம் என்றார் வாசலில் இருந்தவர். கணவர் கிளம்பிவிட்டார். அக்கா கிளம்பவில்லை.

"ஒரு அட்டெண்டர்தாம்மா."

"இவதான் அட்டெண்டரு. நான் புள்ளைக்குப் பெரீம்மா. பெரீம்மா இருக்கக் கூடாதுன்னு எங்கயாச்சும் எழுதியிருக்குதா, காட்டு."

அவர் சுவரில் ஒட்டியிருந்த தாளைத் திரும்பிப் பார்ப்பதற்குள் அக்கா உள்ளே வந்துவிட்டார்.

மகள் தூங்கினாள். விரலில் அதே சிவப்பு வெளிச்சம். நர்ஸ் வந்து வந்து திரையைப் பார்த்துவிட்டுப் போனார். ஒரே ஒருமுறை ஏதோ குறைந்து, அவர் தலையைச் சற்று நிமிர்த்தி வைத்ததும் ஏறிக்கொண்டது. மற்றபடி ஒரு சத்தமும் இல்லை. வாய் மூடியிருந்தது. நான்கு வருடமாக நான் விரும்பிய அமைதி அதுதான். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். நான் எடுத்ததும் அக்கா வைத்துப் பார்த்தார்.

"மில்ல மூடிட்டாங்க" என்று கிசுகிசுத்தார்.

"சீதனமாக் கொண்டாந்ததுக்கா. நீங்க மூட வச்சிட்டீங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அடிப்பாவி. இன்னுமா அத வச்சிக்கிட்டிருக்க?" என்று என் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். பிளாஸ்கைத் திறந்து எனக்கு வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். "நீ கொஞ்சம் சாஞ்சுக்க. நான் எண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

கண்ணயர்ந்துவிட்டேன் போலிருக்கிறது. ஜன்னல் வெளுத்திருந்தபோது என் கையை யாரோ இழுத்தார்கள். மகள். கண்ணைத் திறந்து, பேசக் கூடாது என்று சொல்லியிருந்ததால் ஒரு விரலை உதட்டில் வைத்துக்கொண்டு, இன்னொரு விரலால் தன் கால்மாட்டைக் காட்டினாள். கட்டில் கம்பியில் தலை சாய்ந்து, வாய் திறந்து, அக்கா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். கொர்ரு கொர்ரென்று அறை முழுக்கச் சத்தம்.

நான் எழுப்பவில்லை. மகளும் நானும் சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். ஓர் இடத்தில் சத்தம் நின்றது. நான் எண்ண ஆரம்பித்தேன். மூன்று வருவதற்குள் மறுபடி ஓடத் தொடங்கியது.